முல்லையும் மல்லியும் மஞ்சளாவது ஏன்? 'போர்' தண்ணியின் திருவிளையாடல்!

உரத்தைக் கொட்டினால் தேறாது. தண்ணியைக் கவனித்தால் பிழைக்கும்

பூந்தமல்லி என்றாலே பூதான் ஞாபகம் வரும். பூவிருந்தவல்லி என்ற பேர்தான் மருவிப் பூந்தமல்லி ஆயிற்று. இங்கே நந்தவனம் வைத்துப் பூப் பறித்து, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டு போனவர் திருக்கச்சி நம்பி என்பது ஊரறிந்த வரலாறு. கொஞ்சம் வடக்கே போனால் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் திருமுல்லைவாயல். தொண்டைமான் மன்னனின் யானைக் காலை முல்லைக் கொடி சுற்றி வளைத்த இடம் என்கிறது அந்தக் கோயிலின் தல புராணம்.

மல்லிக்கும் முல்லைக்கும் பேர் போன வட்டாரம்! ஆனால் இன்று இதே வட்டாரத்தில் மொட்டை மாடியில் நாலு தொட்டி வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "துளிர் எல்லாம் மஞ்சளாவே வருது சார், என்ன போட்டாலும் தேற மாட்டேங்குது" என்ற புலம்பல்தான்.

பூச்சியா? நோயா? கண் திருஷ்டியா? பல வீடுகளில் மூன்றும் இல்லை. குழாயைத் திறந்தால் கொட்டுகிறதே, அந்த 'போர்' தண்ணிதான் குற்றவாளி! இது பற்றிய விவரம் வருமாறு:-

வாளியில் வெள்ளைக் கோடு

மழைத் தண்ணி மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பு ஏறுகிறது. அந்தப் புளிப்பு, மண்ணிலும் பாறையிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொள்கிறது. ஆழத்தில் நெடுநாள் கிடக்கக் கிடக்கக் கரைவதும் கூடுகிறது. அதை மோட்டார் போட்டு மேலே இழுத்தால் வருவதுதான் கடினத் தண்ணீர்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். சோப்பு தேய்த்தால் நுரை வராது. துவரம் பருப்பு சீக்கிரம் வேகாது. ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படியும். பிளாஸ்டிக் வாளியின் உள்ளே வெள்ளைக் கோடு விழும். இந்த நாலும் உங்கள் வீட்டில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

துல்லியமாகத் தெரிய வேண்டுமா? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைப் பரிசோதித்துத் தருகிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின்படி (2012) மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இது மனிதன் குடிப்பதற்கான கணக்கு. தொட்டிச் செடியின் கதை வேறு.

உப்புத் தண்ணி இரண்டு வகை

நம் ஊரில் வாய்க்குப் பிடிக்காத தண்ணி எல்லாமே 'உப்புத் தண்ணி'தான். ஆனால் செடிக்கு அது இரண்டு வகை.

ஒன்று, சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்த கடினத் தண்ணீர். வாளியில் வெள்ளை படிவது இதனால். இன்னொன்று, சோடியம் மிகுந்த தண்ணீர். நாக்கில் வைத்தாலே கரிக்கும். இலை ஓரம் கருகும், மண் இறுகிச் சிமெண்டு மாதிரி ஆகும். இரண்டில் இரண்டாவதுதான் கொடியது. முதலாவதைச் சமாளித்துவிடலாம். கையில் பிடிக்கும் 'டி.டி.எஸ்.' மீட்டர் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. மொத்தமாகக் கரைந்திருப்பதை மட்டும்தான் காட்டும்.

ஒரு மாதத்துக்கு 15 கிராம்!

"ஊரே இந்தத் தண்ணியத்தான் ஊத்துது, என் செடிக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்கலாம். தரையில் இருக்கிற மரத்துக்கு வேர் தூரம் போகும், மழை உப்பைக் கீழே கழுவிவிடும். தொட்டிக்குள் அகப்பட்ட செடி எங்கே போகும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணியில் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். தொட்டிக்குத் தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் அரை கிராம் சுண்ணாம்பு உப்பு உள்ளே போகிறது. மாதம் 15 கிராம். வருஷத்துக்கு 180 கிராமுக்கு மேல்! தண்ணி ஆவியாகப் போய்விடும், உப்பு போகாது. செடி உறிஞ்சியது போக மீதி அங்கேயேதான் கிடக்கும். மண் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை பூத்திருப்பதும், மேல் மண் வெளுத்திருப்பதும் அதன் அடையாளம்தான்.

இரும்பு இருந்தும் பட்டினி

சுண்ணாம்பு செடிக்கு விஷம் இல்லை. செடிக்கும் அது வேண்டியதுதான். தண்ணியில் சுண்ணாம்போடு கூட வரும் பைகார்பனேட்தான் வம்பு செய்கிறது. அது மண்ணின் புளிப்பைக் கொன்று, காரத்தன்மையை ஏற்றிவிடுகிறது. கார மண்ணில் இரும்புச் சத்து கரையாது. மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. பண்டம் நிறைந்த கடைக்குப் பூட்டுப் போட்டது போல!

இலைக்குப் பச்சை நிறம் வர இரும்பு வேண்டும். அது கிடைக்காவிட்டால் புதுத் துளிர் மஞ்சளாக வரும். நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். முற்றினால் துளிர் வெள்ளையாகவே ஆகிவிடும்.

இங்கே ஒரு முக்கியமான வித்தியாசம். அடியில் இருக்கும் பழைய இலை முதலில் மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். உரம் கேட்கிறது என்று அர்த்தம். நுனியில் இருக்கும் புது இலை, நரம்பு பச்சையாக நிற்க மஞ்சளானால் அது இரும்புப் பட்டினி. இதைப் பார்க்காமல் மஞ்சள் என்றதும் யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் எத்தனை பேர்! உரமும் ஓர் உப்புதான். ஏற்கெனவே உப்பு நிறைந்த தொட்டியில் இன்னும் உப்பு போட்டால் வேர் கருகும். காசும் போச்சு, செடியும் போச்சு!

இட்லிப் பூ, ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை ஆகியவை இந்தப் பட்டினியைச் சீக்கிரம் காட்டும். அரளி, காகிதப் பூ, கற்றாழை போன்றவை ஓரளவு தாங்கும்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்!

பக்கத்து வீட்டு யோசனைகள் பல உண்டு. எல்லாம் நல்லெண்ணம்தான். ஆனால் கடினத் தண்ணி வீட்டில் சில யோசனைகள் வினையாகிவிடும்.

முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல்: இரண்டும் காரத்தைக் கூட்டும். புளிப்பு மண்ணுக்குச் சரி. ஏற்கெனவே சுண்ணாம்பு குளிக்கிற செடிக்கு இது எதற்கு?

துருப்பிடித்த ஆணி: "இரும்புதானே குறைச்சல், நாலு ஆணியப் புதைச்சு வை" என்பார்கள். கார மண்ணில் துரு கரையாது. ஆணி ஆணியாகவே இருக்கும்.

ராத்திரி பிடித்து வைத்த தண்ணி: ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் வாடை போகும். சுண்ணாம்பு போகாது. கொதிக்க வைத்தால் ஒரு பகுதி அடியில் படியும் என்பது உண்மை. ஆனால் செடிக்காக கேஸ் எரிக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

'சாப்ட்னர்' தண்ணி: இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உப்பு கொட்டி ஓட்டுகிற சாப்ட்னர் கருவி, சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. சோப்பு நுரைக்கும், குழாயில் படியாது, வாஸ்தவம். செடிக்கோ அது கடினத் தண்ணியைவிடக் கெடுதல். மாடித் தோட்டத்துக்குத் தனியாக, சாப்ட்னருக்கு முன்னாலேயே ஒரு குழாய் பிரித்துக்கொள்வது நல்லது.

ஆர்.ஓ. கழிவுத் தண்ணி: வீணாகப் போகிறதே என்று தொட்டியில் விடுகிறார்கள். குடிக்கும் தண்ணியிலிருந்து பிரித்த உப்பெல்லாம் இதில்தான் சேர்ந்து வருகிறது. 'போர்' தண்ணியைவிட உப்பு கூடுதல். வீடு துடைக்க, கழிவறைக்கு ஊற்ற உபயோகியுங்கள்.

டி.ஏ.பி. கரைசல்: கடினத் தண்ணியில் டி.ஏ.பி. கரைத்தால் பால் மாதிரி கலங்கி அடியில் மண்டி படியும். மணிச்சத்தும் சுண்ணாம்பும் கைகோத்துக் கரையாத பொருளாகிவிட்டன என்று அர்த்தம். அந்த மணிச்சத்து செடிக்கு எட்டாது.

பொட்டாஷ் உரத்தையும் அளவோடு வையுங்கள். அதுவும் உப்புச் சுமைதான். தேங்காய் நார்க் கழிவு போட்ட பைகளில் வளர்ப்பவர்கள், நாரை நல்ல தண்ணியில் இரண்டு மூன்று தடவை ஊற வைத்துப் பிழிந்த பிறகே உபயோகிக்க வேண்டும். அலசாத நாரிலேயே உப்பு இருக்கிறது.

சரி, என்னதான் செய்வது?

முதல் வேலை, அலசுவது. தினமும் அரை டம்ளர் தெளிப்பதுதான் உப்பைத் தேக்குகிறது. ஊற்றும்போது அடி ஓட்டை வழியாகக் கொஞ்சம் வடியும்படி ஊற்றுங்கள். வடிந்த தண்ணி தட்டில் நின்றால் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் வெளியே போன உப்பு மறுபடி மேலே ஏறும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, தொட்டி எத்தனை லிட்டரோ அதைப் போல் இரண்டு மடங்கு தண்ணியை மெதுவாக விட்டு அலசுங்கள். மழைத் தண்ணி இல்லாவிட்டால் 'போர்' தண்ணியாலேயே அலசலாம். தொட்டிக்குள் சேர்ந்திருப்பது அதைவிட உப்பு கூடியது. அலசிய பிறகு ஒரு வாரம் கழித்து உரம்.

அலசினாலும் படிந்த சுண்ணாம்பு முழுக்கப் போகாது. வெளுத்த மேல் மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு மண்புழு உரம் போடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மண்ணை மாற்றினால் இன்னும் நல்லது.

இரண்டாவது, புளிப்பு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் தருவார்கள். 10 லிட்டர் வாளிக்கு 2 கிராம், அதாவது சுமார் அரை டீஸ்பூன் போட்டுக் கரைத்து ஊற்றலாம். நடுத்தரக் கடினத் தண்ணியில் பைகார்பனேட்டில் ஏறக்குறைய பாதியை இது முறித்துவிடும். வாரம் ஒரு முறை போதும். அதிகம் போட்டால் வேருக்கு ஆபத்து. பாட்டிமார் கறிவேப்பிலைச் செடிக்குப் புளித்த மோரை நீர்க்கக் கரைத்து ஊற்றியதன் சூட்சுமமும் இந்தப் புளிப்புதான்! ஆனால் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் இந்தப் புளிப்பைத் தின்றுவிடும். அதனால் இது கைவைத்தியம். நிரந்தர மருந்து இல்லை.

மூன்றாவது, இரும்பு. பெரஸ் சல்பேட் உரக்கடையில் கிடைக்கும். நாட்டு மருந்துக் கடைக்காரர் அன்னபேதி என்பாரே, அதேதான். இளம் பச்சை நிறத்தில் இருக்க வேண்டும். செம்பழுப்பாக மாறியிருந்தால் வாங்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணியில் முதலில் 1 கிராம் எலுமிச்சை உப்பு, அது கரைந்த பிறகு 5 கிராம் பெரஸ் சல்பேட். வடிகட்டிச் சாயங்காலம் இலை மேல் தெளிக்க வேண்டும். மல்லிகைக்கு மாதம் ஒரு முறை, பச்சை திரும்பும் வரை தெளிப்பது வழக்கம். வரிசை மாறி வெறும் 'போர்' தண்ணியில் இரும்பைப் போட்டால் துரு நிறத்தில் திரிந்து வீணாகும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் ஆபத்து.

'செலேட்' இரும்பு வாங்குகிறவர்கள் பாக்கெட்டைப் படித்து வாங்குங்கள். ஈ.டி.டி.ஏ. வகை கார மண்ணில் நிலைக்காது. ஈ.டி.டி.எச்.ஏ. என்று போட்டிருப்பதுதான் கார மண்ணிலும் வேலை செய்யும். விலை கூடுதல்தான், ஆனால் சிட்டிகை அளவே போதும்.

நாலாவது, உரத்தைத் தேர்ந்தெடுப்பது. தழைச்சத்துக்கு அமோனியம் சல்பேட் போட்டால் அது மண்ணின் காரத்தையும் கொஞ்சம் குறைக்கும். 10 லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் வேண்டாம். மாதம் ஒரு தடவை. ஈர மண்ணில்தான் ஊற்ற வேண்டும். மற்றபடி தொழு உரம், மண்புழு உரம் போன்றவை பாதுகாப்பானவை.

ஏ.சி. இருக்கும் வீட்டில் சொட்டுகிற தண்ணியை வாளியில் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது அது, சுண்ணாம்பு கிடையாது. பாதிக்குப் பாதி 'போர்' தண்ணியில் கலந்தால் கடினம் பாதியாகக் குறையும். பூச்செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். குடிக்கிற தண்ணி அல்ல, ஞாபகம் இருக்கட்டும்!

வானம் தருகிற இனாம்

இத்தனை வைத்தியத்தையும் தூக்கிச் சாப்பிடும் மருந்து ஒன்று உண்டு. அதற்குக் காசு கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கூரை மேல் கொட்டுகிற மழைத் தண்ணி!

சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும் பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. 500 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 460 லிட்டருக்கு மேல் தண்ணி! 200 லிட்டர் டிரம் இரண்டு நிரம்பும். ஒரு சென்டிமீட்டர் மழை நமக்கு ஒரு பொருட்டா? அரை மணியில் பெய்துவிட்டுப் போகும்.

அப்படி இருந்தும் தண்ணிக்கு நாம் பட்ட பாட்டை மறக்க முடியுமா? 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. அந்த வருஷம் ஜூலை 12-ந் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணி ரயிலில் வந்தது. ஆவடி, அம்பத்தூர் வழியாக வந்த அந்த ரயில் நின்ற இடம் வில்லிவாக்கம். நம் வீட்டு வாசலைத் தாண்டித் தண்ணி ரயில் போன காலம் அது!

பூந்தமல்லிக்குப் பக்கத்தில்தான் செம்பரம்பாக்கம் ஏரி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அங்கே 2007-ல் திறந்த சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாள் ஒன்றுக்கு 53 கோடி லிட்டர். அந்த ஏரியில் சேர்வதும் வானத்திலிருந்து விழுந்த தண்ணிதானே. அதில் ஒரு துளியை நம் மாடியிலேயே பிடித்துக்கொள்ளச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

2003-ல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வீட்டுக்கு வீடு குழாய் இறக்கினார்கள். அந்தக் குழாய் இன்று உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது? உடைந்து தொங்குகிறதா? குழி தூர்ந்து போயிற்றா? ஒரு நடை போய்ப் பாருங்கள். குழிக்குள் இறங்கும் மழை நாளடைவில் 'போர்' தண்ணியின் கடினத்தையும் குறைக்க உதவும். குழிக்குப் போகும் முன் ஒரு டிரம்மை நிரப்பிக்கொண்டால் செடிக்கும் ஆச்சு!

பிடிப்பதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மாடியைக் கூட்டி வையுங்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணியைப் போகவிட்டு அப்புறம் பிடியுங்கள். டிரம்மைத் துணி கட்டி மூடுங்கள். திறந்து கிடந்தால் டெங்கு கொசு முட்டை வைக்கும். ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறந்து வரும். செடியைக் காப்பாற்றப் போய் பிள்ளைகளைக் காய்ச்சலில் தள்ளக் கூடாது.

அடைமழை நாட்களில் தொட்டிகளைச் சன்ஷேடுக்கு அடியில் ஒளித்து வைக்காதீர்கள். அடி ஓட்டை அடைபடாமல் பார்த்து, நன்றாக நனைய விடுங்கள். வருஷம் முழுக்கச் சேர்ந்த உப்பை வானமே கழுவிக் கொடுக்கும். மழை விட்டு இரண்டு வாரத்தில் வருகிற துளிரைப் பாருங்கள். அது பச்சையாக வந்தால், உங்கள் செடிக்கு வந்தது நோய் அல்ல, தண்ணிதான் என்பது ரூபாய் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

ஆகவே, அடுத்த தடவை மல்லித் துளிர் மஞ்சளானால் உரக்கடைக்கு ஓடாதீர்கள். முதலில் வாளியின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைக் கோடு இருக்கிறதா? அலசுங்கள். டிரம் ஒன்று வாங்கி, மாடிக் குழாய்க்குக் கீழே வையுங்கள். அதை வாங்கி வைக்கச் சரியான நேரம், மேகம் கறுப்பதற்கு முன்னால்!